நிலுவை இல்லை

கறுப்பு ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து, மூன்று பிரதி.
மிஷன் வீதிச் சந்தின் பைண்டிங் கடைக்காரர்
முதுகில் என் பெயரைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்.
"எல்லாப் புத்தகமும் அப்படித்தாம்மா."
இல்லை.
இருக்கட்டும், நான்கு மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

கனகசெட்டிக்குளம் தொடங்கி பிள்ளைச்சாவடி வரை
நாற்பத்து மூன்று கிணறுகள்.
கிணறு என்று எழுதினேனே தவிர
பாதிக்கு மேல் அடிபம்பு,
ஒன்று சலூன் பின்னால் இருந்த வெறும் குழாய்.
மாதம் ஒருமுறை, பன்னிரண்டு மாதம்,
கிழக்குக் கடற்கரைச் சாலையில்
பாட்டில் மூட்டையோடு ஏறும் என்னை
டவுன் பஸ் கண்டக்டர்
"தண்ணி வந்துருச்சு, வழி விடுங்க" என்பார்.

மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்
அந்த ஒரு சொட்டு.
அதற்கு முந்தைய சொட்டில் நிறுத்தினால் பொய்,
அடுத்த சொட்டில் நிறுத்தினாலும் பொய்.
வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்நுனிகள்
கறுத்துப்போய், தை மாதம்
அத்தை மகன் நிச்சயதார்த்தப் புகைப்படத்தில்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர்
நான்காம் அட்டவணையில் பேனாவை வைத்தார்.
"பதினேழுக்கு நவம்பர், டிசம்பர் ஏன் காலி?"
"கிணறு இல்லை, சார்."
"வற்றிவிட்டதா?"
"கடல் எடுத்துக்கொண்டது, சார். கூடவே வீட்டின் பின்பாதியும்."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"அப்படியானால் 'மாதிரி கிடைக்கவில்லை' என்று
அடிக்குறிப்பு போடுங்கள்."
போட்டேன். எட்டாம் அளவு எழுத்தில்.
பிரேமலோசனி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
முதல் வகுப்பு, தனிச்சிறப்புடன்.

இப்போது படிவம் ஒன்று.
நூலகம், விடுதி, விளையாட்டுத் துறை, ஆய்வகம்,
ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து:
நிலுவை இல்லை.

ஆய்வக உதவியாளர் லூர்துசாமிக்கு
நாற்பத்து மூன்று பாட்டிலும் வேண்டும், கழுவி, மூடியோடு.
தொட்டிமுன் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.
மீன் ஏலக்கூடத்துக் குழாய்,
பால்வாடி, சலூன்,
பெயர் சொல்ல மறுத்தவர் வீடு,
எல்லாம் ஒரே சத்தத்தோடு ஒரே ஓட்டையில் போயின.

தாழ்வாரத்தில் ஒரு குரோட்டன்ஸ்,
யார் வைத்ததோ, வாடிக்கிடந்தது.
கையில் பதினேழு, அக்டோபர்.
ஊற்றப்போன கை நின்றது.
புத்தம்புது ஆய்வேட்டைப் பிரித்து
பக்கம் முப்பத்தெட்டில் விரல் ஓட்டினேன்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
செத்துப்போகும்.
நான்காம் எண்ணில் அறுபத்திரண்டுதான்.
நான்கை ஊற்றினேன்.
எழுதிய புத்தகத்தை ஒரு காரியத்துக்காக
நானே திறந்த முதல் தடவை.

பதினேழைக் கடைசியாகத்தான் கவிழ்த்தேன்.
இனி அந்தத் தண்ணீர் எங்கும் கிடையாது.

குமுதவல்லி அக்கா கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்:
"முடிவு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லு."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
படிக்கட்டில் உட்கார்ந்து அழைத்தேன்.
"குடிக்க ஏற்றதல்ல, அக்கா."
சிரித்தாள். "நல்லவேளை, போயிடுச்சு."
பின்னால் குழந்தை எதையோ தட்டுகிற ஓசை.
"இப்ப காலாப்பட்டுல, தம்பி வீட்ல.
இங்க போர் தண்ணி. லேசா ஒரு வாடை வருது.
பாப்பாவுக்கு இதுலதான் கஞ்சி.
நீ இன்னும் பார்க்கறியா, இல்ல
படிப்பு முடிஞ்சிருச்சா?"

லூர்துசாமி இரண்டு தடவை எண்ணினார்.
நாற்பத்து மூன்று. சரி.
கையெழுத்துப் போட்டார், முத்திரையை ஊதிக் காயவைத்தார்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
கேட்டேன்:
"அண்ணே, ஒரு பாட்டில் மட்டும்
நாளைக்கு வேணும்."