ஊற்றுக்கண்

ஆப்பிரிக்கான்ஸிலும் ஊற்றைக் கண் என்றுதான் சொல்கிறார்கள்.
மரிக்கோவின் கண்
அல்லி இலைகளுக்கு நடுவே இமைக்காமல் கிடக்கிறது.

நன்னீரில் உப்பின் தாங்கல் இல்லை, ஈயம் குறைவாகப் போதும்.
டர்பன் கடலுக்குக் கட்டிய எட்டுக் கிலோவில்
இரண்டை உருவிப் புல்லில் போடுகிறார் பிரகேசன்.
லெனேசியாவிலிருந்து மூன்று மணி நேரம்
எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.

தெரோஷா முகமூடியில் துப்பித் தேய்க்கிறாள்.
குபென் ரப்பர் உடைக்குள் பாதி நுழைந்து
பல் கிட்டி நிற்கிறான்.

சோடி சோடியாகச் சரிபார்க்க வேண்டும்.
வேறு வழியில்லை.
என் பட்டையை இழுத்துப் பார்க்கிறார்,
காற்றைத் திறக்கிறார்,
தன் மஞ்சள் குழாயைத் தொட்டு,
"உன்னுது தீர்ந்தா, இது."

பழக்கத்தில் கட்டைவிரலை உயர்த்துகிறேன்.
"அம்மா! அதுக்கு மேல போயிடலாம்னு அர்த்தம்!"

மடக்கி,
வட்டமாக்குகிறேன்.