இடது ஓரம்

திங்கள் காலை, மொபெனி.
முதல் வண்டிக்கு அடுக்கிவைத்த ஆஸ்பத்திரி விரிப்புகள்
நூற்றெண்பது.
தொட்டதுமே தெரிந்துவிட்டது.
இடது ஓரம் அரை விரற்கடை உள்வாங்கி,
கடைசி மடிப்பில் கட்டைவிரல்
ஒரு தரம் அழுத்தி ஓடிய தடம்.
இந்தச் சலவை ஆலையில்
அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான்.
அவருக்கு இப்போது மடிக்கிற வேலை இல்லை.

பதினோரு வருஷம்
விரிப்பின் அந்த முனையில் பூபாலன்,
இந்த முனையில் நான்.
உதறி, நடந்து போய்ச் சந்தித்து,
அவர் விரலிலிருந்து என் விரலுக்கு நுனி மாறி,
பின்வாங்கி, மறுபடி நடந்து.
கணக்குப் பார்த்தால்
ஜோஹன்னஸ்பர்க் வரை போய்த் திரும்பியிருப்போம்
ஒருவரை நோக்கி ஒருவர்.
வேலைநிறுத்தத்தின் மூன்றாம் வாரம்
வாசலில் டயர்ப்புகைக்கு நடுவே
பீன்ஸ் கறி ஊற்றிய அரை ரொட்டியைப்
பிய்த்துப் பிய்த்து ஆறு பேர் தின்றோம்.
பெரிய துண்டு அவர் எடுக்கவில்லை.

போன ஜூலையில் வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள்.
யூனியன் அட்டையை என்னிடம் திருப்பித் தந்தபோது
"கோட்டுதான் மாறுது, சரஸ்பதி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூப்பிடவில்லை.
பலகையில் ஓவர்டைம் வரிசை அசையாமல் இருக்கிறது.
முதல் பெயர் தாண்டெகா.
போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம்.
மகனுக்குப் பள்ளிக்கூடத்துக் காலணி
நானூற்றைம்பது ரேண்ட்.
ஞாயிறு என்றால் இரட்டைக் கூலி,
நாலு மணி நேரம் போதும்.

புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம்:
என்ன இழப்பு?
பணம் என்று எழுதலாம். நேரம் என்று எழுதலாம்.
'நூற்றெண்பது விரிப்பு' என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: எப்படித் தெரியும்?
அங்கே பேனா நின்றுவிட்டது.
அவர் கையை எனக்குத் தெரியும் என்றா எழுதுவது?

மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் மேனேஜரும்.
இந்தப் பக்கம் நானும் தாண்டெகாவும்.
ஒப்பந்தத்தின் பதினான்காம் பத்தியை வாசித்தேன்.
மேற்பார்வையாளர் எங்கள் வேலையைச் செய்யக் கூடாது,
அவசரம் தவிர.
"அவசரம்தான்" என்றார் பூபாலன்.
"பிரசவ வார்டிலிருந்து போன். விரிப்பு இல்லை என்றார்கள்.
வந்து பார்த்தேன், உருளை சூடாக இருந்தது.
போட்டுக் கொடுத்தேன். இதில் என்ன களவு?"
அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.
கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம்.

"உருளை ஏன் சூடாக இருந்தது?"
ஸுலுவில் கேட்டாள் தாண்டெகா, மெல்ல.
ஞாயிற்றுக்கிழமை உருளை தானாகச் சூடேறாது.

மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார்.
பூபாலன் தன் கைகளைப் பார்த்தார்,
யாரோ மேசைமேல் மறந்துவிட்டுப் போனவை போல.
பிறகு, பாதி மறந்த தமிழில், எனக்கு மட்டும்:
"சும்மா நின்னு பாக்க முடியலை."
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
கூட்டக் குறிப்பில் அந்த வரி கிடையாது.

தாண்டெகாவுக்கு நாலு மணி நேரம்,
செய்யாத வேலைக்கு, இரட்டைக் கூலி.
வெள்ளைக் கோட்டின் கை இனி விரிப்பில் படாது.
கீழே மூன்று கையெழுத்து. ஒன்று என்னுடையது.

உடை மாற்றும் அறையில் யாரோ குலவையிட்டார்கள்.
நான் ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தேன்,
கட்டி முடிந்த பிறகும்.

புதன்கிழமை.
ஈரம் கனத்த விரிப்பொன்று
உருளையின் வாயில் சுருண்டு சிக்கியது.
ரப்பர் கருகும் வாசனை.
அவர் இரண்டே எட்டில் வந்துவிட்டார்,
கை நீண்டது,
நின்றது.
எல்லோரும் பார்த்தோம்.
அதைக் கோட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்,
கட்டைவிரலை முதலில்.

சிவப்புப் பொத்தானை நான் அழுத்தினேன்.

காலணி வாங்கியாயிற்றாம்.
ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன்,
அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்றாள் தாண்டெகா,
விரிப்பின் அந்த முனையிலிருந்து
என்னை நோக்கி நடந்து வந்தபடி.
அவள் வலது ஓரத்தை உள்ளே விடுகிறாள்.