சதுர அடி

வகுப்பில் மற்றவர்கள் தரமணிக்கும்
கண்ணாடிக் கட்டடங்களுக்கும் போனார்கள்.
எனக்குக் கிடைத்தது தேசிங்கு டிஜிட்டல்ஸ்,
தண்டையார்பேட்டை,
கன்டெய்னர் லாரி திரும்பும் முனையில்
டயர் கடைக்கு மேல் மாடி.
நடந்தே போகலாம்.
அதைத்தான் அம்மா எதிர்வீட்டில்
பெரிய பதவி போலச் சொல்லிவைத்தாள்.

முதல் நாள் ஒரு காதுகுத்து.
படித்ததை நம்பி
நடுவில் குழந்தை பெயர்,
சுற்றிலும் வெறுமை விட்டிருந்தேன்.
தேசிங்கு அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இன்னாமா, பாதி எடம் சும்மா கெடக்குது.
சதுர அடிக்குத்தானே துட்டு வாங்குறோம்.
தாய்மாமனுங்க மூஞ்சியெல்லாம் எங்க?"
பதினேழு தாய்மாமன்கள்.
மாலைக்குள் வெறுமை தீர்ந்தது.

லாரி போகும்போதெல்லாம் மேசை நடுங்கும்.
அந்நேரம் உருவம் வெட்டக் கூடாது.
யாரும் சொல்லவில்லை,
ஒரு கவுன்சிலரின் காது போனபிறகு தெரிந்தது.

எழுத்துரு மாற்றினால்
கொம்பு ஒருபக்கம் ஓடும், கால் ஒருபக்கம்.
ஒருமுறை புள்ளி விழுந்து
'கண்ணீர அஞ்சலி' என்று
பத்துக்குப் பன்னிரண்டில் அச்சாகிவிட்டது.
ரிஸ்வான் அதைச் சுருட்டி எடுத்துப்போய்
அவன் மாமாவின் ஆட்டோவுக்குக் கூரை போட்டான்.
இன்றைக்கும் கல்மண்டபம் பக்கம்
என் பிழை சவாரி ஏற்றிக்கொண்டு திரிகிறது.

மூன்றாம் வாரம், கரண்ட் வந்து வந்து போன நாள்,
காசிமேட்டிலிருந்து ஒருவன் வந்தான்.
என் வயசு இருக்கும்.
கீறல் விழுந்த செல்போனை நீட்டினான்.
யாரோ கல்யாணத்தில் இரண்டு பேர்.
"இந்தக் கட்டம் போட்ட சட்டை. இவன் மட்டும்."
பெயர் ரூபன்.
தோற்றம், மறைவு.
தட்டச்சு செய்துகொண்டே கழித்துப் பார்த்தேன்,
இருபத்தொன்று.

வெட்டினேன்.
தோளில் மட்டும் ஒரு கை மிச்சமிருந்தது,
மணிக்கட்டில் சிவப்புக் கயிறோடு.
அழிப்பது சின்ன வேலையில்லை.
விரல்களுக்கு அடியில்
கட்டங்கள் எப்படிப் போயிருக்கும் என்று
அந்தச் சட்டையை நானே நெய்ய வேண்டும்.
இரண்டு மணி நேரம்.
எந்தப் பேராசிரியரிடம் காட்டினாலும்
கண்டுபிடிக்க முடியாது.
ரிஸ்வானைக் கூப்பிட்டுக் காட்டினேன்,
அவ்வளவு பெருமை.

அவன் திரும்பி வந்து
திரையை ரொம்ப நேரம் பார்த்தான்.
"அக்கா, இங்க என் கை இருந்துச்சே."

உள்ளேயிருந்து தேசிங்கு அண்ணன்,
"தனியா கை இருந்தா பாக்குறவங்க பயந்துக்குவாங்கப்பா."
அவன் பதில் சொல்லவில்லை.
மேசை விளிம்பைப் பிடித்திருந்த மணிக்கட்டில்
அதே கயிறு, வெளுத்துப்போய்.

கன்ட்ரோல் இசட்.
நான் நெய்த சட்டை கட்டம் கட்டமாகப் பிரிந்தது.
முதலில் சுண்டு விரல் வந்தது.
ஒரு லாரி போனது, நிறுத்தினேன்,
மறுபடி தட்டினேன்.
நாற்பத்தோரு தட்டில்
கயிறு வரைக்கும் வந்து தோளில் உட்கார்ந்தது.
இரண்டு புறாக்களையும் எடுத்துவிட்டேன்.
அதை அவன் கேட்கவில்லை.
சுற்றிலும் கொஞ்சம் வெறுமை விட்டேன்.
தேசிங்கு அண்ணன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
பில் மட்டும் முழுசாக,
வெறுமைக்கும் சேர்த்து.

கடைசி நாள் சான்றிதழ் கேட்டேன்.
கடைக்கு லெட்டர்பேடே கிடையாது.
"நீயே ஒண்ணு பண்ணிக்கோ. சைஸ் இன்னா?"
பண்ணினேன்.
கடைக்கு ஒரு முத்திரை,
எனக்கு நன்னடத்தை.
அவர் கையெழுத்து போட்டுவிட்டு
ஓரத்தில் பூ டிசைன் வைக்கச் சொன்னார்.
வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போகும்போது பார்த்தேன்.
மீன் ஏலக்கூடத்துச் சுவரில்
அந்த பேனர்,
காற்று போக நாலு இடத்தில் கீறிவிட்டிருந்தார்கள்.
தோளும் கையும் கீறலுக்குத் தப்பியிருந்தன.
கீழே பொடி எழுத்தில் கடைப் பெயர்,
போன் நம்பர்.
எண்ணிப் பார்த்தேன்,
பஸ் நகர்வதற்குள் இன்னொருமுறை எண்ணினேன்.
ஒன்பது இலக்கம்தான்.