நாற்பத்தொரு சதவீதம்

நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிய வாரம்
கையுறையின் வலது சுட்டுவிரலை மட்டும்
கத்தரித்து எறிந்தேன்.
கம்பளியை இந்தக் கண்ணாடி மதிப்பதில்லை.
தோல்தான் வேண்டுமாம் அதற்கு.

அந்த ஒரு விரல்தான் முதலில் வெடித்தது.
கேரட்டுத் தழை அறுத்து அறுத்து
ரேகை தேய்ந்து,
பொருந்தவில்லை மறுபடி முயல்க என்றது போன்.
போன மாதம் ரேஷன் கடை மெஷினும்
இதையேதான் சொன்னது.
நான் நான்தான் என்று
எத்தனை இடத்தில் நிரூபிப்பது?

கேத்தி பாலாடாவில்
இரண்டு மணிக்கு நிலத்தில் இறங்குவோம்.
பதினாறு பேர், பதினாறு நெற்றி விளக்கு.
புல்லெல்லாம் வெள்ளை,
மிதித்தால் அப்பளம்.
இயர்போன் வயர் விறைத்து
காய்ந்த கொடி மாதிரி நிற்கும்,
சொன்ன பக்கம் வளையாது.
காதில் வைத்த முதல் நிமிடம்
இரண்டு பனிக்கட்டித் துண்டு.
கொஞ்ச நேரம் காது அதைச் சூடாக்கும்,
அப்புறம் அது காதை.
குரங்குக் குல்லாயை மேலே இழுத்துவிட்டால்
மேஸ்திரி ஆலனுக்குத் தெரியாது.
தெரிந்தாலும் கேட்க மாட்டார்,
அவர் குல்லாய்க்குள்ளும் வயர் போகிறது.

அந்தப் பக்கம் திருப்பூர்.
தவமலருக்கு ராத்திரி ஷிப்ட்,
ஓவர்லாக் மெஷின்.
அங்கே வியர்க்கிறதாம்.
டிசம்பரில் வியர்க்கிறது என்பவளோடு
என்ன பேசுவது?
பேசுவதில்லை.
லைனைத் திறந்து வைத்துக்கொள்கிறோம்.
அவள் மெஷின் டர்ரென்று ஓடும்,
நூல் அறும், நிற்கும், ஓடும்.
நான் பிடுங்குவது அவளுக்குக் கேட்கும்.
'சோடா மூடி தெறக்குற மாதிரி இருக்கு' என்பாள்.
மணிக்கு ஒருமுறை,
கேக்குதா?
ம்.
அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

நேற்று நாற்பத்தொரு சதவீதம்.
பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் வைத்தேன்.
சட்டைக்கு மேலே ஸ்வெட்டர்,
ஸ்வெட்டருக்கு மேலே உரச்சாக்கு.
எத்தனையாவது பாத்தியோ,
மெஷின் சத்தம் நின்றிருந்தது.
நூல் மாற்றுகிறாள் என்று நினைத்தேன்.
ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
காத்திருக்கிற அமைதி மாதிரியே இருந்தது அது.
இருட்டு வேறு. முகம் பார்க்க வேண்டாம்.
ஒரு மாதமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்:
உன் கம்மலை மீட்டுவிட்டேன் என்றது பொய்.
நீ அனுப்பிய பணம் வேறு வழியில் போய்விட்டது.
எந்த வழி என்பதையும் சொன்னேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
கெஞ்சாமல் இழுக்காமல்
நன்றாகத்தான் சொன்னேன்,
அதுபோல் இனி ஒருமுறை வராது.
ம் வரவில்லை.
சரி, கோபம்.
குனிந்து இரண்டு மூட்டைக்குத் தழை அறுத்தேன்.

விடிந்து, லாரி மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பிய பிறகு
டீக்கடையில் போனை எடுத்தால்
கறுப்பு. வெறும் கல்.
'சார்ஜ் இருந்தாலும் குளிர்ல படுத்துக்கும்,
கக்கத்துல வைங்க' என்றார் கடைக்கார இத்ரீஸ்.
காய்ச்சல் பார்க்க வைத்ததுபோல்
இடுக்கிக்கொண்டு இரண்டு டீ குடித்தேன்.
எழுந்தது.
முப்பத்தெட்டு என்றது, ஒன்றுமே நடக்காதது போல.
அழைப்பு முடிந்த நேரம் மூன்று ஏழு.
மூன்று ஏழுக்கு நான் எந்தப் பாத்தியில் இருந்தேன்?
பாதி சொல்லியிருந்தேனா,
தொடங்கவே இல்லையா?
கையுறைக்குள் கடிகாரம் பார்ப்பவன் யார்?

ஷிப்ட் முடிந்து நடந்துகொண்டே கூப்பிட்டாள்.
பின்னால் பஸ் ஹாரன்,
யாரோ பூ விற்கிறார்கள்.
குரலில் கோபமா தூக்கமா தெரியவில்லை.
'ராத்திரி எதுவரைக்கும் கேட்டுச்சு?' என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
'நீங்க இருமுனது வரைக்கும்' என்றாள்.

ராத்திரி முழுக்க
இருமிக்கொண்டுதான் இருந்தேன்.