கதவு: குணாளன்

தேக்காவில் பூ நிறுக்கும் கடையில் பாடுகிறாள்.
ஈசூன் கோப்பிக் கடையில்
என் தே ஓ ஆறுவதற்குள் இரண்டு தடவை பாடுகிறாள்.
நேற்று பொங்கோலில் ஒரு வீட்டில்
ஏணிமேல் நின்று ஏர்கானின் வடிகட்டியைக் கழற்றுகிறேன்,
கீழே பின்னக் கணக்கு போட்டுக்கொண்டே
ஒரு சிறுமி பாடுகிறாள்:
"அடுத்த லிஃப்ட்டில் வா,
இது என்னால் நிறைந்துவிட்டது."

லோஷி என்கிறது சுவரொட்டி.
ஹேமலோசினி என்று முழுதாய்க் கூப்பிட
அவள் அம்மாவும்
குடிநுழைவு அதிகாரியும்தான் மிச்சம்.

பாட்டு எங்கே பிறந்தது என்று
வானொலியில் கேட்டார்கள்.
"மனசில்" என்றாள்.
செங்காங்கில், பதினோராம் மாடியில்,
குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள
வீட்டுக்கு வீடு கட்டித் தந்திருக்கும்
சன்னலில்லாத அறையில் பிறந்தது.
குண்டு விழவில்லை.
எல்லோரையும்போல அவர்களும் அதற்குள்
அரிசி மூட்டை வைத்திருந்தார்கள்,
மடக்கு நாற்காலி, தம்பியின் ராணுவப் பை,
யாரும் படுக்காத ஒரு மெத்தை.
மெத்தையைச் சுவரில் சாய்த்தால்
எதிரொலி செத்துவிடும் என்று
யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

இரும்புக் கதவுதான் சிக்கல்.
மைக் கம்பி நுழைய ஒரு விரல் இடைவெளி வேண்டும்.
கீலுக்கு எண்ணெய் விட்டாயிற்று,
அட்டை சொருகியாயிற்று,
விட்டால் முனகும்.
மின்விசிறி பார்க்க வந்தவன் நான்.
"குணா, கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"
மூன்று இரவு பிடித்துக்கொண்டேன்.

பாட்டு எனக்கில்லை.
அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
பெர்த்துக்குப் படிக்கப் போய்
பக்கமாய் எழுதி, வரியாய் எழுதி,
கடைசியில் கட்டைவிரல் படம் மட்டும்
அனுப்பிக்கொண்டிருந்த ஒருவனுக்கு.
அவனை எனக்குத் தெரியும்.
நல்லவன். அதுதான் எரிச்சல்.

இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
தாளம் நிற்கும் இடத்தில்
ஒரு மூச்சு கேட்கும்.
அழுகையை விழுங்கும் பெண்ணின் மூச்சு என்று
ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.
அதற்காகவே மறுபடி மறுபடி கேட்கிறோம் என்கிறார்கள்
இந்தத் தீவில் காதலிக்கிற எல்லோரும்.

அது என் மூச்சு.

மூன்றாம் இரவு, மணி ஒன்றரை.
விசிறி கிடையாது, மைக்கில் இரையும்.
என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"வா" என்ற இடத்தில்
அவள் என்னைப் பார்த்தாள்.
அரிசி மூட்டையைப் பார்த்திருக்கலாம்,
அதுவும் எதிரில்தான் இருந்தது.

"கை மரத்துப்போச்சு" என்றேன்.
"பரவாயில்லை, இன்னொரு தடவை" என்றாள்.
இன்னும் ஏழு தடவை பாடினாள்.
எதுவும் அதைப்போல் அமையவில்லை.
பாய லேபாரில் ஒலிக்கலவை செய்த ஃபாரிஸ்
அந்த மூச்சை வெட்டப் போனானாம்.
வெட்டினால் பாட்டு பிணம்போல் கிடக்கிறது என்று
திரும்ப ஒட்டினானாம்.

பாட்டின் கீழே பெயர்கள் வரும்.
சொல், இசை, குரல்: லோஷி.
கலவை: ஃபாரிஸ்.
கதவு: குணாளன்.
அது எந்த வாத்தியம் என்று
இரண்டு பேர் என்னிடமே கேட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை அவளுடைய முதல் மேடை.
ஆயிரத்து இருநூறு பேர்.
எனக்கு இலவசச் சீட்டு, கடைசி வரிசை,
குளிர் நேராய்த் தலையில் இறங்கும் இடம்.
(பராமரிப்பு மோசம். இரண்டு துவாரம் அடைத்திருக்கிறது.)
மூன்றாவதாக அந்தப் பாட்டு.
முதல் சரணம் முடிந்தது, தாளம் நின்றது,
அரங்கம் முழுவதும்
சொல்லி வைத்ததுபோல்
ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விட்டது:
பள்ளிப் பிள்ளைகள், நர்சுகள்,
தோளில் குழந்தை தூங்கும் ஓர் அப்பா.
அச்சு அசலாய், கடைசியில் வரும் அந்தச் சிறு தடுக்கலோடு.

மேடையில் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

நான் மட்டும் விடவில்லை.
என் வலது கை
முன் இருக்கையின் முதுகை,
அது முனகிவிடாதபடி,
இறுகப் பிடித்திருந்தது.