ஏணிக் கணக்கு

அன்லோகாவில் எல்லோரும் எழுமுன்னே
வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் வார்ப்பேன்.
மணலில் தோண்டிய கிணறு. இரண்டு பூவாளி.
பின்னாலேயே வருவாள் மவுசி,
அரசுத் தேர்வுக்கு ஒப்பித்தபடி.
புத்தகம் என் இடுப்பில் செருகியிருக்கும்.

எனக்கு எழுத்து தெரியாது.
ஞானப்பாட்டு இருநூறு மனப்பாடம்,
எண்கள் தெரியும், சந்தை கற்றுக்கொடுத்தது.
அவள் சொல்வது சரியா தப்பா என்று
குரலை வைத்துக் கண்டுபிடிப்பேன்.
தடுமாறினால், "மறுபடி."
வேகமாகச் சொன்னாலும், "மறுபடி."
"அம்மா, சரியாத்தானே சொன்னேன்!"
"அப்படியானால் மறுபடியும் சரியாகவே வரும்."

மவுசி என்றால் கடவுளின் கையில் என்று அர்த்தம்.
ஏழு மாதத்தில் பிறந்தவள்.
வேறு என்ன பெயர் வைப்பது?

கணக்குத் தேர்வுக்கு முந்தின ஞாயிறு
ஆராதனை முடிந்து செருப்புத் தேடுகையில்
அக்பெகோ அருகில் வந்தார்.
பாடகர் குழுவில் எனக்குப் பின்வரிசை, கனத்த குரல்.
"நாளைய வினாத்தாள் இருக்கிறது.
போனுக்கு அனுப்புகிறேன்.
நூற்றிருபது சிடி.
எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, அக்கா.
உன் பிள்ளை மட்டும் ஏன்?"

உன் பிள்ளை மட்டும் ஏன்.
அந்த ஒரு வார்த்தைக்கு
இரண்டு கூடை வெங்காயக் காசு கொடுத்தேன்.

படம் வந்தது. கூரைக்கடியில் நின்று பார்த்தேன்.
எறும்பு வரிசை மாதிரி எழுத்து.
நடுவில் ஒரு சுவர், அதில் சாய்ந்த ஏணி.
பக்கத்தில் பன்னிரண்டு. கீழே ஐந்து.

இரவு ஜெபத்தில் அவள் தலைமேல் கைவைத்தேன்.
முடிச்சில் கட்டிய போன்
வயிற்றில் அழுத்திக்கொண்டே இருந்தது.
"ஆண்டவரே" என்றேன்.
அதற்குமேல் வாய் வரவில்லை.
"அம்மா, களைப்பா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பிறகு போனைக் கொடுக்கத்தான் போனேன்.
விளக்கடியில், நாக்கு நுனி வெளியே தெரிய,
ஏதோ ஒரு கணக்கை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.
காகிதத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.
அடுத்த பக்கம் திருப்பி
மறுபடி முதலிலிருந்து.

திரும்பிவிட்டேன்.
போனை அணைத்து
காரி மாவு டப்பாவில் புதைத்தேன்.
தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம்
மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.
பையை எறிந்தாள். முகம் சுருங்கியிருந்தது.
"ஒன்று போய்விட்டது, அம்மா."
"ஏணியா?" என்றேன்.

எண்ணெய் சடசடத்தது.
"ஏணி இருந்தது உனக்கெப்படித் தெரியும்?"

கைக்குக் கிடைத்த பொய்கள் நாலைந்து.
ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.
பிறகு எழுந்துபோய் டப்பாவில் கைவிட்டேன்.
முழங்கைவரை வெள்ளை.

வெகுநேரம் பார்த்தாள் அந்தப் படத்தை.
"நேற்றே இருந்ததா?"
"இருந்தது."
"என்னிடம் காட்டவில்லை."
"காட்டவில்லை."
"வாங்காமலாவது இருந்திருக்கலாம்,
வாங்கியபிறகு கொடுத்தாவது இருந்திருக்கலாம்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.
மீனைத் தொடவில்லை அவள்.
கென்கியைப் பிய்த்து வைத்தது அப்படியே காய்ந்தது.

இருட்டியபின் வெளியே சுரண்டும் சத்தம்.
பாத்திகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு
குச்சியால் மணலில் சுவர் வரைந்திருந்தாள்.
பன்னிரண்டைப் பன்னிரண்டால், ஐந்தை ஐந்தால்,
கூட்டி, மூலம் எடுத்து,
"பதிமூன்று!" என்று கத்தினாள்
யாருக்கோ கேட்கட்டும் என்பதுபோல.
"அவ்வளவுதான், அம்மா. வெறும் பதிமூன்று."
அழுதாளா சிரித்தாளா, இருட்டில் தெரியவில்லை.

அக்பெகோவிடம் காசு திருப்பிக் கேட்கவில்லை.
வரும் ஞாயிறும் என் பிடரிக்குப் பின்னால்தான்
அவர் குரல். என் குரலும்
அதே பாட்டில்தான் சேரும்.

விடிகாலை, கிணற்றடி.
வருவாளோ மாட்டாளோ என்று
ஒரே பாத்திக்கு இரண்டுமுறை வார்த்துவிட்டேன்.
வந்தாள். பேசவில்லை.
அறிவியல் புத்தகத்தை என் ஈரக்கையில் திணித்தாள்.
விரித்துப் பிடித்தேன், படிப்பவள் போல.
கொஞ்சம் நடந்தவள் திரும்பி வந்து
தலைகீழாய் இருந்ததை
நேராக்கி வைத்துவிட்டு
ஆரம்பித்தாள்.