சாக்கு

பாவூர்சத்திரத்தில் விடியுமுன் ஏற்றியது
முருங்கை எட்டு சாக்கு, சின்ன வெங்காயம் இருபது.
ஆரியங்காவு செக்போஸ்ட்டில்
"எந்தா லேட்டு" என்ற ஸஜீவன் சாருக்கு
டயர் பஞ்சர்.
புனலூர் மொத்தக்கடைக்கு
எஸ் வளைவில் கவிழ்ந்த மரலாரி.
கவிழ்ந்தது போன மாசம்.
வீட்டுக்காரிக்கு, போனில் சார்ஜ் இல்லை.

கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தின்
எதிர்ச்சரிவில் அக்கா சண்முகவடிவு வீடு.
தினம் இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன்.
நிற்க மாட்டேன்.
போகையில், காய் வாடிரும்.
வருகையில், இருட்டிருச்சு.
மச்சான் செத்த அன்று
ஹர்த்தால் என்று சொல்லியனுப்பினேன்.
அவள் வாசல்வழியே
அன்றைக்கும் பஸ் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

நேற்று ரோட்டுக்கே இறங்கிவந்து கைகாட்டினாள்.
கால்தான் பிரேக்கை மிதித்தது, நானில்லை.
மூன்று வருஷமாய்ச் சேர்த்ததெல்லாம்
தொண்டைக்குள் முண்டியடித்தது
எதை முதலில் சொல்ல.

என் முகத்தைப் பார்க்கவில்லை.
வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்து,
மலையாளம் ஒட்டிய தமிழில் கேட்டாள்:
"சாக்கு உண்டோடா?"

மலைக்கு அந்தப்பக்கம்
அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.
நல்லமுளகு காயப்போட வேணுமாம்.

ஏழு எடுத்து உதறினேன்.
வெங்காயச் சருகு பறந்து
அவள் நரைமுடியில் ஒட்டியது.
எடுத்துவிடலாமா என்று கை பாதிவரை போனது.

"பின்னால பஸ் நிக்குதுக்கா" என்றேன்.

நிஜமாகவே நின்றது.